மூங்கில் குழலில் ஐந்து வெட்டு

எங்கள் பெரியப்பா நெட்டாலிலிருந்து திரும்பி வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி, கோலியனூர் வழியாக நடந்தே வந்தார். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்த சமயம். சேரிக்குள் நுழையும் வழியெல்லாம் சேறு. அந்தச் சேற்றில் கறுப்புக் கோட்டும் பூட்சுமாக ஓர் ஆள் வருவதைப் பார்த்து, யாரோ சர்க்கார் உத்தியோகஸ்தர் வருகிறார் என்று பிள்ளைகள் எல்லாரும் ஓடி ஒளிந்துகொண்டோம். அம்மா ஓடவில்லை. கோட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூஞ்சி நம்ம வூட்டு மூஞ்சியாட்டம் கீதே" என்றாள்.

நெட்டால் என்பது கப்பலேறிப் பல நாள் போனால் ஆப்பிரிக்காவில் வரும் கரும்புச் சீமை. மீசை முளைக்கிற வயதில், விழுப்புரம் சந்தையில் ஆள் பிடிக்க வந்தவன் பேச்சைக் கேட்டுப் பண்ணையை விட்டு ஓடிப்போனவர் பெரியப்பா. அப்பா அப்போது சின்னப் பிள்ளை. பெரியப்பா ஓடின பிறகு தாத்தாவுக்குப் பண்ணையில் என்ன நடந்தது என்பதை எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். நானும் கேட்டதில்லை.

நாங்கள் படியாள் குடும்பம். செய்கிற வேலைக்குப் படியால் அளந்து நெல்லோ கேப்பையோ போடுவதால் அந்தப் பேர். எங்கள் சேரியில் எல்லா வீடும் அப்படித்தான். பண்ணைக்காரரை ஆண்டே என்று கூப்பிடுவோம். விடிவதற்கு முன்னால் அப்பா போவார், இருட்டினபின் மாடுகளைக் கட்டித் தீனி போட்டுவிட்டு வருவார். இது கஷ்டமா சுகமா என்று கேட்டிருந்தால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மழை பெய்வது போல, வெயில் அடிப்பது போல அது ஒன்று.

பெரியப்பா வந்த மூன்றாம் நாளே தகராறு வந்துவிட்டது. கூழைக் குடித்துக்கொண்டிருந்தவர், "நான் கிரிமெண்டு ஆளு. உன்னாட்டம் அடிம இல்ல" என்று சொல்லிவிட்டார். அக்ரிமெண்டு என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

அப்பா சட்டியைக் கீழே வைத்தார். "யாருடா அடிம? ஆண்டே வூட்ல நான் புள்ளயாட்டம் கீறேன். அந்தம்மா எனுக்குன்னு ஊறுகாய் எடுத்து வெக்குது. மாடு ஏத்தறாப்பல கப்பல்ல ஏத்திக்கினு போய், முதுவுல வார் அடி வாங்கிக்கினு வந்தவன் நீ."

அண்ணனை டா போட்டுப் பேசுகிற வழக்கம் அப்பாவுக்கு இல்லை. கோபத்தில் வந்துவிட்டது.

பெரியப்பாவின் முதுகில் தழும்பு இருந்தது உண்மைதான். அவர் சாந்தமாகவே சொன்னார்: "வாங்குனேன். இல்லன்னு சொல்லல. ஆனா எத்தினி வருசத்துக்கு வாங்கணும்னு காயிதத்துல போட்டு வாங்குனேன்."

"அஞ்சுன்னுதான போட்டிருந்தான்? முப்பது வருசம் கழிச்சி வர்ற. எண்ணத் தெரியாதா உனுக்கு?"

அம்மா சிரித்துவிட்டாள். பெரியப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. "அஞ்சு முடிஞ்சிதுன்னான். இன்னோர் அஞ்சுக்கு நானா கை வெச்சேன். அப்பறம் நானாத்தான் இருந்தேன்."

"பாத்தியா, பாத்தியா!"

"நானாடா. அத்தத்தான் சொல்றேன்."

பிறகு அவர் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு மூங்கில் குழலை எடுத்தார். முழங்கை நீளம் இருக்கும். வெளிப்பக்கத்தில் வரிசையாக ஐந்து வெட்டு. வருஷத்துக்கு ஒன்றாகக் கரும்பு வெட்டுகிற கத்தியால் அவரே வெட்டினது. உள்ளே சுருட்டி வைத்திருந்தது அந்தக் காகிதம். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ். தமிழ்ப் பக்கத்தைப் படிக்கக்கூடியவர் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். சேரிக்கென்று சர்க்கார் வைத்திருந்த லேபர் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் பெண் பிள்ளைகள் இரண்டே பேர். இன்னொருத்தி ஒன்றாம் வகுப்பு. பையன்கள் எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே மாடு மேய்க்கப் போய்விடுவார்கள்.

நான் கூச்சக்காரி. வாத்தியார் என் பேரைக் கேட்டாலே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆனால் எழுத்தைப் பார்த்துப் படிக்கச் சொன்னால் குரல் தானாக வந்துவிடும். அப்போது பேசுவது நான் இல்லையே, காகிதம்தானே.

படித்தேன். வேலையின் காலம் ஐந்து வருஷம். வேலை நேரம் நாளொன்றுக்கு ஒன்பது மணி. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாட்களும் வேலை இல்லை. காலம் முடிந்தபின் இவன் தன் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம்.

"ஞாயித்துக்கெழம மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது?" என்று அம்மா கேட்டாள். 

"எழுதினதெல்லாம் குடுத்தான்னு சொல்ல வரல" என்றார் பெரியப்பா. "மணி அவன் வெச்சதுதான். பொழுது எறங்கறவரிக்கும் கரும்புக் கொல்லைலதான் நிக்கணும். ஆனா குடுக்கலன்னா, குடுக்கலடான்னு காட்டறதுக்கு ஒரு காயிதம் எங்கையில இருந்துச்சி."

அப்பா அந்தக் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்முளுது எங்க எழுதிக் கீது?"

"எங்க எழுதணும்? உங்க மூஞ்சியிலதான் எழுதி ஒட்டிக் கீதே" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு தெருவில் யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தைப் படிக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். பத்துப் பதினைந்து தடவை படித்ததில் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாகிவிட்டது. பெரியப்பா பண்ணைப் பக்கம் போகவேயில்லை. திண்டிவனத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டி ஒன்றில் காவல் வேலை பார்த்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். "எனுக்கு அது பழகிப்போச்சி" என்பார்.

எங்கள் அண்ணனுக்கு அந்தத் தையில் இருபது வயது. வளவனூர்ப் பக்கம் பெண் பார்த்து வைத்திருந்தது. மாசியில் கல்யாணம். தாலிக்குப் பொன்னும் கூறைப் புடவையும் பண்ணையிலிருந்து வரும். அந்தத் தாலியைக் கட்டினவன் அன்றிலிருந்து பண்ணை ஆள். எங்கள் சேரியில் அப்பாவுக்கு அப்படி, தாத்தாவுக்கு அப்படி, யாருக்கும் அப்படி. அதற்கு முன்னால் அண்ணன் பண்ணையில் மாடு மேய்த்ததும் ஏர் ஓட்டினதும் கணக்கில் சேராது. அது அப்பாவுக்கு ஒத்தாசை.

"அந்தத் தாலியத் தொடாத" என்றார் பெரியப்பா. "எங்கூட மண்டிக்கு வா. மூட்ட தூக்கு. ரெண்டு வருசம் கழிச்சி நீயே வாங்கிக் கட்டு."

"ரெண்டு வருசம் அந்தப் பொண்ணு என்னா, மரத்துலயா தொங்கிக்கினு இருக்கும்?" என்றாள் அம்மா.

பெண் வீட்டாரும் அதே பண்ணைக்காரரின் பங்காளி நிலத்தில் படியாட்கள். பண்ணைத் தாலி வேண்டாம் என்று ஒருவன் சொன்னான் என்று தெரிந்தால் அந்தக் கல்யாணமே நின்றுபோகும். அண்ணனுக்கு அந்தப் பெண்மேல் ஆசை. திண்டிவனத்தின் மேலும் ஆசை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையைக் குனிந்துகொண்டே அப்பாவிடம் சொன்னான்: "பெரியப்பாவாட்டம் அஞ்சு வருசம்னு எழுதச் சொல்லுங்க. எழுதினா கை வெக்கிறேன். இல்லாங்காட்டி இந்தக் கல்யாணமே வாணாம்."

 அந்தப் பேச்சு அப்பாவுக்குள் போய்விட்டது என்று தெரிந்தது. மாடு கழுவும்போதெல்லாம், "ஆண்டே, ஒரு கெடு போட்டு..." என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடுகள்தான் முதலில் கேட்டன.

மாட்டுப் பொங்கலன்று காலையில் படியாட்களுக்குப் புது வேட்டி கொடுப்பது பண்ணை வழக்கம். களத்து வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டுப் பண்ணைக்காரர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை, அவர் பெட்டி. நாங்கள் களத்து வரப்புக்கு இந்தப் பக்கம் நிற்போம். வரப்பைத் தாண்டக்கூடாது. வேட்டியை வரப்பின்மேல் போடுவார்கள். எடுத்து அங்கேயே கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டால், இன்னொரு வருஷம்.

அப்பா வேட்டியைக் கட்டிக் கும்பிட்டார். பிறகும் நகராமல் நின்றார்.

"என்னடா? கப்பல்காரன் வந்ததுலேருந்து உங்க சேரியில சட்டமெல்லாம் பேசறீங்களாமே?" என்றார் பண்ணைக்காரர். பின்னால் கோட்டோடு நின்றிருந்த பெரியப்பாவை அவர் பார்த்துவிட்டிருந்தார்.

"பையனுக்குக் கல்யாணங்க, ஆண்டே. தாலி நீங்கதான் குடுக்கணும். ஒரு கெடு போட்டு... அஞ்சு வருசம்னு... எழுதிக் குடுத்தீங்கன்னா..."

அடிப்பார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்புதான் வந்தது. கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "எழுதிட்டாப் போச்சு. எழுதுமய்யா" என்றார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. கேட்டால் கிடைத்துவிடும் என்று தெரியாமல் இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டோமே என்பது போல நின்றார்.

கணக்குப்பிள்ளை வெகுநேரம் எழுதினார். ஐந்து வருஷம் என்று எழுத இவ்வளவு நேரமா என்று எனக்கே தோன்றியது. அவர் எழுதி முடித்ததும் அப்பா தன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். "எம் பொண்ணு படிக்குங்க, ஆண்டே. அது படிச்சிப் பாத்துரட்டுங்க" என்றார்.

"ஓகோ! படிக்கட்டுமே" என்றார் பண்ணைக்காரர்.

கணக்குப்பிள்ளை எழுந்து வரவில்லை. என்னை வரப்பைத் தாண்டி வரச் சொல்லவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, "ஏய், அங்கேருந்தே படி" என்றார்.

எனக்கும் அவருக்கும் நடுவில் பதினைந்து அடி இருக்கும். காலை வெயில் காகிதத்தில் பட்டுப் பளிச்சென்று இருந்தது. எழுத்து எறும்பு வரிசை மாதிரி ஊர்ந்தது. ஒரு சொல்கூடத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்பா என் தலையில் கை வைத்திருந்தார்.  வரப்பின் இந்தப் பக்கம் எங்கள் சேரியே நின்றது. எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள்.

குரல் வந்துவிட்டது. "வேலையின் காலம் ஐந்து வருஷம். காலம் முடிந்தபின் இவன் தன் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம்." ஒன்பது மணியை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையையும் விழுங்கிவிட்டேன், அவ்வளவுக்கு நம்பமாட்டார்கள் என்று எனக்கே தெரிந்தது.

கணக்குப்பிள்ளை தன் கையில் இருந்த காகிதத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பண்ணைக்காரரைப் பார்த்தார். 

"சபாஷ்" என்றார் பண்ணைக்காரர். "பேஷாப் படிக்குதே! அதுக்கு ஒரு கரும்பு போடுங்கடா."

காகிதத்தையும் மையையும் வரப்போரத்தில் இருந்த ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுக் கணக்குப்பிள்ளை தள்ளி நின்றார். அண்ணன் போய்க் கட்டைவிரலை வைத்துவிட்டு வந்தான். அந்த விரல் பட்ட காகிதத்தை எடுக்கக் கணக்குப்பிள்ளைக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஊதிக் காயவைத்துத் தன் பெட்டியில் போட்டுப் பூட்டினார். பெரியப்பாவின் காகிதம் பெரியப்பாவின் குழலில் இருந்தது. அண்ணனுடைய காகிதம் கணக்குப்பிள்ளையின் பெட்டியில் இருந்தது. அப்பாவுக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. "நம்ம வூட்ல வெச்சா கரையான் அரிச்சிடும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் கரும்பை ஒடித்துப் பெரியப்பாவுக்கு ஒரு துண்டு நீட்டினேன். வேண்டாம் என்றார். வந்ததிலிருந்தே அவர் கரும்பு தின்று நான் பார்த்ததில்லை. கொஞ்ச தூரம் போனபின், மற்றவர்கள் முன்னால் போய்விட்டதைப் பார்த்துக்கொண்டு, "எட்டக் காட்டுனானே, எழுத்து தெரிஞ்சிதாம்மா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிது" என்றேன்.

"சரி" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் காகிதத்தை அவரும் என் வாயால் பத்துப் பதினைந்து தடவை கேட்டவர். சொல்லுக்குச் சொல் அவருக்குத் தெரியும். அன்று சாயங்காலம் குழலிலிருந்த தன் காகிதத்தை எடுத்துக்கொண்டு, வெறும் குழலை அண்ணனிடம் கொடுத்தார். "வருசா வருசம் மாட்டுப் பொங்கலன்னிக்கு ஒண்ணு வெட்டு. எண்ணிக்க வேற யாரையும் நம்பாத. நீயே வெட்டு" என்றார்.

மாசியில் கல்யாணம் நடந்தது. பண்ணையிலிருந்து தாலி வந்தது. பயறு அளவுதான் பொன் என்று பெண் வீட்டில் குறை சொன்னார்கள்.

அண்ணன் ஐந்து பொங்கலுக்கு ஐந்து வெட்டு வெட்டினான். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஐந்தாவதை வெட்டின அன்று வேட்டியை வரப்பின்மேலேயே விட்டுவிட்டு, மறுநாள் அண்ணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குப் போய்விட்டான். ஓடிப்போகவில்லை. பட்டப்பகலில், பண்ணை வாசலில் நின்று, "வர்றங்க, ஆண்டே. என் காலம் முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் சேரியில் அதற்கு முன்னால் யாரும் சொல்லிக்கொண்டு போனதில்லை.

பண்ணை ஆட்கள் காகிதத்தை எடுத்துக்கொண்டு மண்டிக்கே போனார்கள். மண்டிக் குமாஸ்தா அதை உரக்கப் படித்தாராம். அண்ணி பிற்பாடு சொன்னாள். அதில் வருஷக் கணக்கே இல்லை. தாலிக்கும் கூறைக்கும் ஈடாக இவனும் இவன் வாரிசுகளும் பண்ணை வேலை செய்துவரவேண்டியது என்று இருந்ததாம்.

"அப்படி இல்லீங்க" என்றானாம் அண்ணன். "எந்தங்கச்சி படிச்சா. ஊரே கேட்டுது. ஆண்டேவே சபாஷ்னாரு. அஞ்சுன்னுதான் படிச்சா."

மண்டிக்காரருக்கு அந்தச் சமயம் மூட்டை தூக்க ஆள் கிடைக்கவில்லை. ஆகவே அவர் நியாயம் பேசினார். அண்ணன் திரும்பி வரவில்லை.

அப்பாவை மட்டும் களத்தில் ஒரு பகல் முழுக்க வெயிலில் நிற்க வைத்தார்கள். தாத்தாவுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான் என்று அம்மா அன்றைக்குத்தான் சொன்னாள். அப்பா மறுநாள் விடிவதற்கு முன் வழக்கம்போல் மாடு கழுவப் போனார். கடைசிவரை போனார்.

நான் படித்தது காகிதத்தில் இருந்ததல்ல என்று தெரிந்தவர்களில் கணக்குப்பிள்ளையும் பண்ணைக்காரரும் ஏன் சும்மா இருந்தார்கள் என்பது எனக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. பெரியப்பா ஏன் சும்மா இருந்தார் என்பது அண்ணன் போன அன்றைக்கு விளங்கியது. எப்படியும் அவன் கட்டைவிரலை வைத்திருப்பான். எதற்கு வைத்தோம் என்று அவன் மனசில் இருப்பதுதான் மிச்சம் என்று பெரியப்பா நினைத்திருக்க வேண்டும். ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை. விளங்க வெகுநாள் பிடித்தது வேறு ஒன்று.

அது அண்ணன் முதல் வெட்டு வெட்டின மாட்டுப் பொங்கலன்று நடந்தது. எனக்குப் பத்து வயது. பெரியப்பாவின் ஐந்து வெட்டுக்குக் கீழே தன்னுடையதை வெட்டிவிட்டு அண்ணன் மாடு விரட்டுவதைப் பார்க்கப் போய்விட்டான். அப்பா அந்தக் குழலை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அரிவாள் கிடந்தது.

"எனுக்கும் வெட்டிப் பாக்கலாமா?" என்றார். "எத்தினி வெட்டணும்னு கணக்குப் போட்டுச் சொல்லு."

எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா என்னிடம் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓடிப்போய்ப் பலகையை எடுத்து வந்து மேலே அந்த வருஷத்தை எழுதினேன். "பண்ணைக்கு எந்த வருசம்பா போனீங்க?" என்று கேட்டேன்.

அப்பா குழலை ஒரு பக்கம் திருப்பினார், மறு பக்கம் திருப்பினார்.

"நான் போவலியேம்மா. அங்கதான இருந்தேன்" என்றார்.

கழித்தல் கணக்கில் மேலே ஓர் எண் இருந்தால் கீழே ஓர் எண் இருக்க வேண்டும். வாத்தியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். கீழே போடுவதற்குச் சொல்லுங்கள், சும்மா ஒன்றாவது சொல்லுங்கள் என்று அப்பாவைப் பிய்த்தெடுத்தேன். அவர் குழலைக் கூரையில் செருகிவிட்டு, மாட்டுக்குக் கொம்பு தீட்ட நேரமாகிவிட்டது என்று பண்ணைக்குப் போய்விட்டார். பாதியில் நின்ற கணக்கை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, அப்பாவுக்குச் சின்னக் கழித்தல்கூட வரவில்லை என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.